மழை கெட்டது என்று சொன்ன கலியமூர்த்தி

கலியமூர்த்தி மீன் பிடித்த கதையைச் சொன்னால், அந்த மீனின் வால் அனுமந்தையில் கிடக்கும், தலை பக்கத்து ஊரான கீழ்புத்துப்பட்டில் கிடக்கும். கேட்பவர்கள்தான் மிதிபடாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். பதினைந்து வயதில் மரக்காணம் உப்பளத்தில் இறங்கியவன். இருபது வருஷம் உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று குதிகால் பாளம் பாளமாய் வெடித்துவிட்டது. அவனுக்கு இருந்தது ஒரே ஆசை: செருப்புப் போட்டுக்கொண்டு பார்க்கிற வேலை.

1988-இல் அதற்கும் வழி பிறந்தது. உப்பளக் கம்பெனிக்குப் புதிதாக வந்த பம்பாய் மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷில் விவாதம் வைப்பேன், நன்றாகப் பேசுகிறவன்தான் சூப்பர்வைசர் என்றுவிட்டார். கல்ஃபிலிருந்து திரும்பிய நூர் முஹம்மது தன் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். கலியமூர்த்தி அங்கே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஏம்பா, கருத்தை யார் வேணா சொல்லிடலாம். கீழ ஒரு ஃபேக்ட்டை முட்டுக் குடுக்கணும். இல்லேன்னா சாஞ்சிடும்" என்றார் நூர் முஹம்மது.

"என்கிட்ட மூட்டை மூட்டையா இருக்குது பாய்."

"உன் மூட்டையை நெனைச்சாதாம்பா எனக்கு பயமே!"

விவாத நாளும் வந்தது. மழை நல்லதா, கெட்டதா என்பது தலைப்பு. போட்டிக்குப் பக்தவச்சலம், பி.ஏ., பெருமுக்கல் விவசாயக் குடும்பம். "ரெயின் ஈஸ் லைஃப்! ரெயின் ஈஸ் காட்ஸ் கிஃப்ட்!" என்று தேனாக ஊற்றினான்.

"ஃபேக்ட்?" என்றார் மேனேஜர்.

பக்தவச்சலம் மறுபடியும் காட்ஸ் கிஃப்ட் என்றான்.

கலியமூர்த்தி எழுந்தான். "ரெயின் பேட், சார்."

மேனேஜரின் புருவம் ஏறியது. ஊரெல்லாம் மழை வரக் கும்பிடும்போது வராமலிருக்கக் கும்பிடுகிற உப்பளத்துச் சனத்தை அவர் இன்னும் அறியவில்லை.

"லாஸ்ட் இயர், மே மந்த், டூ டேஸ் ரெயின். ஆல் சால்ட் கான். சிக்ஸ்டி டேஸ் நோ சால்ட்!"

"ம்க்கும்!"

ஜன்னலுக்கு வெளியே சாப்பாட்டுத் தூக்கோடு நின்ற அவன் மனைவி சின்னப்பாப்பாதான் தொண்டையைச் செருமினாள். லாரிக்கு மூட்டை எண்ணி எண்ணி இங்கிலீஷ் எண்ணெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"சாரி சார். தர்ட்டி டேஸ்."

"ம்க்கும்! ம்க்கும்!"

வாய் வரை வந்த பொய்யை விழுங்க, மீன்முள்ளை விழுங்குகிற பாடாக இருந்தது. கலியமூர்த்தி தன் குதிகாலைப் பார்த்தான்.

"செவன்டீன் டேஸ், சார். ஐ ஸ்டாண்ட் தேர். ஐ கவுண்ட்."

ஜன்னலில் சத்தமே இல்லை. மேனேஜர் போன வருஷ ரிஜிஸ்டரைப் புரட்டினார். பதினேழேதான். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"ஹூ ஈஸ் தட் லேடி?"

"மை ஃபேக்ட், சார்."

மேனேஜர் சிரித்த சிரிப்பில் கடல் அரை அடி பின்வாங்கியது. வேலை கலியமூர்த்திக்கே.

இப்போது வரப்பில் செருப்புச் சத்தம் கேட்க நடக்கிறான். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "மேனேஜர் எழுந்து நின்னு சல்யூட் அடிச்சாரு, தெரியுமா?" என்கிறான்.

பின்னாலிருந்து, "ம்க்கும்."

"சரி, சரி. உக்காந்துகினே சிரிச்சாரு."