அவளுக்கு நான் காட்டிய நரகம்

தீக்காய வார்டில் போர்வை உடம்பில் படக் கூடாது. கட்டிலுக்கு மேல் வளைந்த இரும்புச் சட்டம் ஒன்றை வைத்து, அதன்மேல்தான் துணியைப் போர்த்துவோம். அந்தச் சட்டம் லேசாக இடித்தாலே நோயாளிகள் வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்துவார்கள். தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் மாதத்தில், அந்தச் சத்தத்துக்குப் பயந்து பலமுறை வராந்தாவில் போய் நின்றிருக்கிறேன்.

எங்கள் ஹெட் சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுத்துவிட்டு மதியம் டியூட்டிக்கு வருவார். அன்பான கடவுள் எதற்காக மனிதனை எரிக்க வேண்டும் என்று டாக்டர்கள் அவரைச் சீண்டுவதுண்டு. "நரகம் இல்லன்னு சொல்லுறவங்கள ஒரு வாரம் இந்த வார்டுல நிறுத்தணும் டாக்டரே. இங்க வாற பொண்ணுங்களுக்கு வேற யாரு நியாயம் சொல்லுவா?" என்பார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. கொளுத்தியவர்கள் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருக்க, கொளுத்தப்பட்டவர்களுக்கு நான் மருந்து பூசிக்கொண்டிருந்தேன். கொளுத்தியவர்களுக்கென்று ஓரிடம் காத்திருக்கிறது என்று நம்பித்தான் என்னால் மத்தியானச் சோற்றை விழுங்க முடிந்தது.

ஒரு நாள் காலையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம், ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாசம். பம்பு ஸ்டவ் வெடித்துவிட்டது என்றான் கணவன். ஸ்டவ் வெடித்தால் முகமும் மார்பும் வயிறும் வேகும். இவளுக்கு உச்சந்தலையிலிருந்து முதுகு முழுவதும் உரிந்திருந்தது. அணைக்கப் போராடியதாகச் சொன்னவன் கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அவள் இரண்டு நாள் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட்டுக்கு ஆள் போனது.

நான் மருந்து பூசும்போது அவளே சொன்னாள். "அவருதான் சிஸ்டர் மண்ணெண்ணய ஊத்துனாரு. ஆனா ஸ்டவ்வுன்னுதான் சொல்லப்போறேன். ஆறு வயசுப் பொம்பளப் புள்ள இருக்கு. அவரு உள்ள போயிட்டா அது தெருவுலதான் நிக்கும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வலி வரும்போதெல்லாம் இயேசுவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் போலவே சபையில் வளர்ந்தவள். எதைச் சொன்னால் பயப்படுவாள் என்று எனக்குத் தெரியும். காதருகே குனிந்து, "சாகுற நேரத்துல பொய் சொன்னா நேரா நரகம்தான். அங்க இந்த எரிச்சல் நிக்கவே நிக்காது" என்றேன்.

அவள் உதறியதில் இரும்புச் சட்டம் கட்டிலில் தடதடவென்று அடித்தது. கையில் குத்தியிருந்த டிரிப் ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் என் முகத்தில் தெறித்தது. எழுந்து ஓடப் பார்த்தாள். முதுகுத் தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவளை அமுக்கிப் பிடிக்கவும் முடியாது, பிடிக்கத் தோலில்லை. அலறல் கேட்டு ஹெட் சிஸ்டர் ஓடி வந்தார்.

"நெசமா சிஸ்டர்? பொய் சொன்னா மறுபடியும் எரியணுமா?" என்று அவரிடம் கேட்டாள்.

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும், அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள், அவன் கம்பி எண்ணியிருப்பான். ஹெட் சிஸ்டருக்கும் அது தெரியும். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஊரில் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு அவள் பக்கம் குனிந்தார். "இல்ல மக்களே. ஒனக்கு இனி தீ கெடையாது. நீ என்ன சொன்னாலும் கெடையாது."

மதியம் மாஜிஸ்திரேட் வந்தார். அவர் மலையாளத்தில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். ஸ்டவ் வெடித்தது என்றாள். மறுநாள் காலையில் இறந்துபோனாள்.

கை கழுவும் இடத்தில் ஹெட் சிஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். "அவன விட்டுட்டீங்களே" என்றேன். அவர் சோப்புக் கையோடு திரும்பினார். "அவனும் தீயக் காட்டித்தான அவள அடக்கி வச்சிருப்பான்? நீயும் அதையே காட்டுற. நரகம் கர்த்தர் கையில இருக்கட்டும் பிள்ள. நம்ம கைக்கு வந்தா அது வெறும் மண்ணெண்ணதான்." அவள் என்னிடம் சொன்னதைப் போலீஸ்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். மாஜிஸ்திரேட் எழுதியதற்கு மேல் நீ என்ன சொல்ல வருகிறாய் என்று கேட்டார்.

உடலை வாங்க வந்தவன் மகளைக் கையில் பிடித்திருந்தான். வாக்குமூலம் அவனுக்குத் தெரிந்திருந்தது. "கர்த்தர் எங்களக் கைவிடல சிஸ்டர்" என்றான். "விட்டுடல. நாள் தள்ளி வச்சிருக்காரு, அவ்வளவுதான்" என்றார் ஹெட் சிஸ்டர். அவன் அதை ஆசீர்வாதம்போலத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு போனான்.

இப்போது எங்கள் சபையில் நரகத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வருகிறவர்கள் பயந்துபோவார்கள் என்கிறார் புதிய போதகர். நான் மட்டும் அந்த ஆளுக்காக நரகம் இருக்க வேண்டும் என்று இன்னும் ஜெபிக்கிறேன். அது இருந்தால், அவளை இரண்டாவது முறை கொளுத்தியது யார் என்றும் அங்கே கேட்பார்கள். தெரிந்துதான் ஜெபிக்கிறேன்.