ஏலக்காய் காலடியில் காய்க்கும்

அடுத்த மாதத்திலிருந்து வேலைக்குப் போகும் ஜீப்பில் ஏற வேண்டாம் என்று சூப்பர்வைசர் என்னிடம் சொல்லிவிட்ட வாரம் அது. அவர் மேல் தப்பில்லை. கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் எடுப்பது நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலை. என் முழங்கால் மடங்க மறுத்தது. எனக்கோ எங்கள் ஊரான போடியில் தனியாக உட்கார்ந்திருக்கவும் முடியாது, வேறு சோலியும் தெரியாது.

அந்த வாரத்தில் ஒரு நாள் நாங்கள் மலை ஏறிய பிறகு பாதையில் பாறை விழுந்துவிட்டது. தோட்டம் சுற்றிக் காட்டும் கைடு கீழேயே மாட்டிக்கொண்டார். மூணாறிலிருந்து வேனில் வந்த சென்னைக்காரர்கள் எட்டுப் பேர் கேட்டில் நின்றார்கள்.

சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். "பெரியம்மா, நீங்க கூட்டிட்டுப் போயி காட்டுங்க. மத்த ஆளுகள அனுப்புனா காய் எடுப்பு நின்னுபோகும்."

பக்கத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த பேச்சி சிரித்தாள். "அண்ணே, இது பஸ்சுல எறங்கணும்னு சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்புல எறங்குற ஆளு!"

உண்மைதான். மண்ணைப் பார்த்தபடியே முன்னால் நடந்தேன். அவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"காயே இல்லையேம்மா? சீசன் முடிஞ்சிடுச்சா?" என்று கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா கேட்டார்.

மெல்லக் குனிந்து, செடியின் தூரில் கிடந்த சருகை விலக்கினேன். மண்ணில் படர்ந்த சரத்தில் காய் நிறைந்திருந்தது. "அட, காலடியிலயா!" என்று எல்லோரும் குனிந்தார்கள். அந்த அம்மாவின் கணவர் சரத்தையே பிடித்து இழுத்தார்.

"அய்யய்யோ, விடுங்க! அது பிஞ்சு!"

அவர் கையைத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் பயம் வந்தது. சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றிருந்தார். ஆனால் அந்த ஐயா கோபப்படவில்லை. "எல்லாம் ஒரே பச்சையா இருக்கே, எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்றார்.

"தொட்டா கையோட வரணும். உரிச்சா வெதை கருப்பா இருக்கணும். பிஞ்ச விட்டுட்டா அடுத்த சுத்துல எடுத்துக்கிறலாம்."

அதற்குப் பிறகு கேள்வி மேல் கேள்வி. இங்கிருந்து தமிழ்நாடு எவ்வளவு தூரம் என்று ஒருவர் கேட்டார்.

"தூரமெல்லாம் தெரியாதுய்யா. போடியில வேர்க்க வேர்க்க ஜீப்புல ஏறுவோம். மாந்தோப்பெல்லாம் தாண்டி, வளைஞ்சு வளைஞ்சு மலை உச்சி மெட்டுக்கு வந்ததும் தலையில துண்டக் கட்டுவோம். சாரல் விழுந்தா கேரளா. சாயங்காலம் துண்டு காஞ்சிருச்சுன்னா எங்கூரு வந்துருச்சு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அரை மணி நேரம் காய் எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடி போட்ட அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். உள்ளங்கையில் பத்துக் காய்கூட இல்லை. "எவ்ளோ வருஷமா இப்படிக் குனியிறீங்க?"

"கல்யாணமான மறுவருசத்துலருந்து."

சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்த்தார்.

சாயங்காலம் பாதையில் கிடந்த பாறையை அகற்றிய பிறகு ஜீப்பில் ஏறும்போது அவர் சொன்னார்: "பெரியம்மா, இனிமே நீங்க காய் எடுக்க வேணாம்."

ஜீப்பில் வைத்த காலைக் கீழே எடுத்தேன்.

"வர்ற ஆளுகளக் கூட்டிட்டுப் போங்க. ஆனா யாரையும் கையில அடிச்சிராதீங்க!"

தோட்டம் சுற்றிக் காட்டும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதினேன். பேச எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். அதனால் வருகிறவர்களை முதலில் குனிய வைத்துவிடுவேன். குனிந்தவர்கள் தாங்களாகவே கேட்பார்கள். நாம் பதில் சொன்னால் போதும்.