எழுபத்து மூன்று பாதங்கள்

வின்னிபெக்கில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை யாரும் யாருடைய பாதத்தையும் பார்ப்பதில்லை. பேருந்தில் எதிரே அமர்ந்திருப்பவரின் மூக்கு தெரியும், கடும் குளிரில் அதுவும் தெரியாது. கீழே எல்லாருக்கும் பூட்ஸ்தான். நான் பிறந்த திருவண்ணாமலையிலோ, பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு கூட்டம் நடக்கும். கல், முள், மதிய வெயிலில் இளகும் தார், அத்தனையும் அந்தக் கால்கள் வாங்கிக்கொள்ளும். இங்கு வந்து பத்தொன்பது ஆண்டுகளாகியும் குளிர்கால முதல் நாளில் எனக்கு உறுத்துவது குளிரல்ல, இந்தக் கால்கள் மறைந்துபோவதுதான்.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு நாள் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, நடைவழியில் ஒரு பெரியவரின் ஷூ நாடா அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தேன். தடுக்கி விழுந்துவிடப்போகிறாரே என்று குனிந்து கட்டப்போனேன். அவர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் என்னைத் தனியே அழைத்து, சலவை வேலை பிடிக்கவில்லையா, நர்சிங் பக்கம் மாற விருப்பமா என்று அக்கறையாகக் கேட்டார். நாடாவைத்தான் கட்ட நினைத்தேன் என்றதை அவர் கடைசிவரை நம்பவில்லை. "ஆஸ்க் ஃபர்ஸ்ட். தென் கிளவுஸ்," என்று சொல்லி ஒரு பெட்டி கையுறையை நீட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டுவிட்டுத் தொடுவது நல்ல பழக்கம். அன்று முதல் என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஜோடி கையுறை இருக்கிறது.

இந்தப் பங்குனியில் ஊருக்குப் போனபோது ஸ்டெல்லா அக்காவுக்கு நான் கொண்டுபோன பரிசும் இரண்டு பெட்டி கையுறைதான். அக்கா ஓய்வுபெற்ற அரசு நர்ஸ். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் வீடு. மாமா இறந்த ஆண்டு முதல் ஒவ்வொரு பௌர்ணமி மாலையும் வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்து, நடந்து வருகிறவர்களின் காலைக் கழுவி, முள் எடுத்து, கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்புவாள். வாசலில் சிலுவைப் படம் கிடையாது, வசனப் பலகை கிடையாது. யாராவது கேட்டால் மட்டும் சர்ச்சுக்குப் போகிறவள் என்பாள்.

பௌர்ணமியன்று நானும் அவளுக்கு உதவியாக உட்கார்ந்தேன். நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: மாலை 4.35. செய்யாறு பக்கத்திலிருந்து வந்த, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் நொண்டிக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "உங்கள் காலைப் பார்க்கலாமா?" என்று முறையாகக் கேட்டேன். தலையாட்டினார். கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தேன். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம் சார். தொட மனசு இல்லன்னா விட்டுடுங்க."

"இல்லைங்க, இது சுத்தத்துக்கு..."

"எங்க ஊரு டீக்கடையில எங்களுக்குன்னு தனி கிளாஸ் வச்சிருந்தாங்க சார், நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது. அதையும் சுத்தம்னுதான் சொன்னாங்க."

பக்கத்தில் இன்னொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. "கழட்டுடா. கொப்புளம் ஒடையல, ரத்தம் இல்ல. சோப்பு போட்டு கைய கழுவிட்டு வா. கனடாவுல போய் இதத்தான் கத்துக்கிட்டு வந்தியா?"

கழுவிவிட்டு வந்து வெறுங்கையால் அந்தக் காலைத் தாங்கினேன். அக்கா சர்ச்சுக்குப் போகிறவள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தப் பெண் கூச்சத்தோடு அவளைப் பார்த்து, "எங்க சாமியச் சுத்த வந்தவங்களுக்கு நீங்க எதுக்கும்மா செய்யணும்?" என்றார்.

"கால் வலிக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லு."

அப்போதுதான் எங்கள் சபைச் செயலாளர் இயேசுவைப் பற்றிய ஒரு கட்டுக் கைப்பிரதிகளோடு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். "சிஸ்டர், போன மாசமே சொன்னேன். கட்டு போட்டு அனுப்பும்போது இதுல ஒண்ணு கையில குடுத்தா இன்னா கொறஞ்சிடும்? இல்லன்னா அவங்க சாமியச் சுத்தறதுக்கு நீங்க தெம்பு ஏத்தி அனுப்பற மாதிரி ஆவுது."

"ஆமா. தெம்பு ஏத்திதான் அனுப்பறேன். இன்னும் அஞ்சாறு கிலோமீட்டர் இருக்குதுல்ல?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "கமிட்டில பேசிட்டாங்க சிஸ்டர். கல்லறைத் தோட்டத்துல ஐயாவுக்குப் பக்கத்துல உங்களுக்குன்னு வச்சிருக்கற எடம், சபைக்கு அடங்கி நடக்கறவங்களுக்குத்தான்னு சொல்றாங்க."

அக்காவின் கை நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் மாமாவின் கல்லறைக்குப் போய், பக்கத்து வெற்றிடத்தில் முளைத்த புல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு வருகிறவள். அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே இடம் அது. கட்டின் முடிச்சை இறுக்கிவிட்டுப் பேசினாள்.

"செத்தப்புறம் எனக்கு எடம் எங்கன்னு கேக்க நான் வரப்போறதில்ல. இந்தம்மாவுக்குத்தான் இப்ப கால வைக்க எடம் இல்ல, உங்க வண்டி நடுவுல நிக்குது. கொஞ்சம் நவுத்துங்க."

அவர் வண்டியை நகர்த்தினார். அக்கா டப்பைக் கொட்டிவிட்டு, "தண்ணி கொண்டாடா," என்றாள். செருப்பை எங்கே விட்டேன் என்று தேடாமல், சாலைக்கு எதிர்ப்புறக் குழாயிலிருந்து பதினொரு குடம் சுமந்தேன். இருட்டும்வரை வந்தவர்கள் முப்பத்தேழு பேர். கால்கள் எழுபத்து மூன்று; ஒருவர் ஊன்றுகோலோடு ஒற்றைக்காலில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கமிட்டி ஐயாமாருக்கும், அயல்நாடுகளில் உட்கார்ந்து இதைப் படித்து, கிறிஸ்துவைச் சொல்லாமல் செய்தது வீண் என்று தலையசைக்கப்போகும் என் நண்பர்களுக்கும் நேராகவே சொல்கிறேன். நாம் கும்பிடுகிறவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார். சில மணி நேரத்தில் தம்மைக் காட்டிக்கொடுக்கப்போகிறவனின் காலும் அதில் இருந்தது. அந்தக் காலையும் மற்றவற்றைப் போலவேதான் கழுவினார். அவன் மனம் மாறினால்தான் கழுவுவேன் என்று அவர் சொல்லவில்லை. என் அக்கா அவரிடமிருந்து கற்றுக்கொண்டாள். நீங்கள் யாரிடமிருந்து கற்றுக்கொண்டீர்கள்?

நான் இங்கு திரும்பிய இரண்டாம் வாரம் அக்காவுக்குக் கமிட்டியின் கடிதம் வந்தது. இடம் ரத்து. தொலைபேசியில் அதை நிதானமாகப் படித்துக் காட்டிவிட்டு, சித்திரைப் பௌர்ணமிக்கு வெயில் ஜாஸ்தி, கட்டுத்துணி போதாது என்று பேச்சை மாற்றினாள்.

அந்தத் தோட்டத்தில் எனக்கும் ஓர் இடம் உண்டு, அப்பா அம்மாவுக்கு அருகில். என்றைக்காவது திரும்புவேன் என்று பத்தொன்பது ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதற்கு இருந்த ஒரே ஆதாரம் அதுதான். அன்று மாலையே கமிட்டிக்கு எழுதினேன்: "என் இடத்தை அக்காவுக்குக் கொடுங்கள். அவளுக்குக் கொடுக்க முடியாதென்றால், எனக்கும் வேண்டாம்." பதில் இன்னும் வரவில்லை.

வெளியே பனி இன்னும் கரையவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது சாக்ஸ் போடக் குனிகிறேன். வலது குதிகாலில் கிரிவலச் சாலையின் தார் ஒரு மிளகளவுக்கு ஒட்டியிருக்கிறது. சோப்புக்குப் போகவில்லை. ஊர் மண்ணில் எனக்கென்று இப்போது நிச்சயமாக இருப்பது அவ்வளவுதான். அதன்மேல் பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் இறங்குகிறேன்.