ஆயுத பூஜைக்குக் குளித்த சிப்பிகள்

எதிரே கடல் இருக்க, சாந்தோமில் பிறந்த பவுல்சாமி சிப்பி தேடி அரியலூர் வெயிலுக்குப் போனார். "எதிர்லேயே கடல் கீது, இந்தாளு முந்நூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்க்கினு கீறாரு" என்று மைத்துனன் ரொனால்ட் கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் கேலி செய்தான். அரியலூர்ப் பக்கம் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது, அதன் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன, அவற்றை ஆராய அரசாங்கம் சம்பளம் தருகிறது என்பதெல்லாம் அவனுக்குக் கடைசிவரை ஜீரணமாகவில்லை.

முப்பத்தோரு வருடம் தேனாம்பேட்டையில் அரசின் நிலவியல் அலுவலகத்தின் இரண்டாம் மாடி, வெயில் எட்டிப் பார்க்காத அறை. நிலக்கரி பார்த்தவன் டெல்லிக்குப் போனான். தண்ணீர் பார்த்தவன் டைரக்டர் ஆனான். சிப்பி பார்த்தவர் சிப்பியோடு கிடந்தார்.

மிஞ்சியது இருநூற்றுப் பதினான்கு கல்சிப்பிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பொட்டளவு வெள்ளை பெயின்ட், அதன்மேல் கறுப்பு மையில் ஓர் எண். எண்ணைப் பதிவேட்டில் தேடினால் எந்த இடம், எந்தப் பாறை அடுக்கு என்று தெரியும். எண் போனால் அது வெறும் கல், மீன்தொட்டியில் போடலாம். பதிவேட்டில் படமும் கிடையாது. கேமரா கேட்டு எழுதிய கடிதம் இன்னும் ஏதோ கோப்பில் தூங்குகிறது. அக்டோபர் கடைசியில் அவர் ஓய்வு பெற்றதும் பெட்டிகள் ஐதராபாத் காப்பகத்துக்குப் போகும். அங்கே யாராவது, என்றைக்காவது, திறந்து பார்ப்பார்கள். மனிதருக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான்.

காய்ச்சலில் நான்கு நாள் கிடந்துவிட்டுத் திரும்பினார். ஆயுத பூஜைக்காகக் கம்ப்யூட்டருக்குக்கூட சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அவர் அறையில் துப்புரவு வேலை பார்க்கும் சுப்பம்மா ஜமுக்காளம் விரித்திருந்தாள். அதன்மேல் இருநூற்றுப் பதினான்கு சிப்பிகளும் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள் மாதிரி காய்ந்துகொண்டிருந்தன.

"இன்னா சார் அப்டி பாக்குற? தேங்கா நாரு போட்டுத் தேச்சேன். பெயின்ட்டு கறை போவவே மாட்டேன்னுச்சு, கத்தி வெச்சு சொரண்டினேன். நீ ரிட்டேர் ஆவசொல்ல அல்லாம் பளபளன்னு இருக்கட்டும்."

ஒன்றை எடுத்து முதுகைப் பார்த்தார். எண் இல்லை. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், ஒப்பந்த வேலை. அவர் வாயைத் திறந்தால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நல்லா இருக்கும்மா" என்றார்.

அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பெற்றவனுக்குப் பிள்ளையைத் தெரியாதா? இது ஓடைக்கரை, இது சுண்ணாம்புச் சுரங்கம் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஞாபகத்திலிருந்தே மறுபடி எண் எழுதினார். பதினைந்து நாளில் முடிந்தது. காய்ச்சல் உடம்பு, ஆனாலும் முகம் தெளிந்திருந்தது.

கடைசி நாள் காலை. பெரிய சிப்பி ஒன்றைப் பெட்டியில் வைக்கும்போது அதன் உட்குழிவில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். பழைய எண். என்றோ உள்ளேயும் ஒருமுறை எழுதி வைத்து மறந்திருக்கிறார். நார் அங்கே எட்டவில்லை. 88, பதிவேட்டின்படி சுரங்கம். முதுகில் இப்போது அவர் எழுதியிருந்ததோ 141, ஓடைக்கரை. பைபிள்மேல் கைவைத்துக்கூட ஓடைக்கரை என்றுதான் சொல்லியிருப்பார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒன்று தப்பென்றால் மற்றதில் எத்தனை தப்பு? யாரும் கேட்கப் போவதில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எண் இல்லாத கல் யாரையும் ஏமாற்றாது. பொய் எண்ணோடு போனால் நூறு வருடம் கழித்தும் எவனாவது நம்புவான்.

ஒப்படைப்புப் படிவத்தில் எழுதினார்: 'இடம் தெரியாதவை இருநூற்றுப் பதின்மூன்று. காரணம், பொறுப்பாளரின் கவனக்குறைவு.' கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தார்.

"சுப்பம்மா, அந்தத் தேங்கா நாரையும் கத்தியையும் குடும்மா."

"மறுபடியும் இன்னாத்துக்கு சார்? பளிச்சுன்னுதான கீது."

"நான் கொஞ்சம் அழுக்காக்கிட்டேன்."

மாலை பிரிவு உபசாரத்துக்குக் கூப்பிட வந்தவர்கள், சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் குழாயடியில் குந்தியிருப்பதைப் பார்த்தார்கள். பக்கத்தில் சுப்பம்மாவும் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரிய சிப்பி ஒன்றைத் திருப்பிப் பார்த்து அவரிடம் நீட்டினாள்.

"சார், இத்த பாரு. உள்ள ஒரு எழுத்து போவாம கீது."

"அது இருக்கட்டும்மா" என்றார் பவுல்சாமி.