பெயர் எழுதாத குளிசை

லண்டனில் நான் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் டொக்டரின் நிலையத்தில், காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை பிரிட்ஜைப் பார்ப்பது. தடுப்பூசி மருந்து வைக்கிற பிரிட்ஜ். எத்தனை பாகை என்று பார்த்து எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊரில், வெள்ளவத்தையில், எங்கள் வீட்டில் பிரிட்ஜ் குளிர்கிறதா என்று பார்க்க, கையை உள்ளே விட்டுப் பார்ப்போம். அவ்வளவுதான் சோதனை.

பிறகு ஒருநாள் ஆய்வாளர்கள் வந்தார்கள். அரசாங்கம் அனுப்புகிற ஆட்கள். டொக்டர்மாரின் நிலையங்கள் பாதுகாப்பாக இருக்கின்றனவா, ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவர்களின் தொழில். மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார்கள். அவசரத்துக்கு வைத்திருந்த மருந்தில் ஒரு பெட்டி காலாவதியாகிக் கிடந்தது. காத்திருந்த நோயாளிகளிடமும் கேள்வி கேட்டார்கள். எங்கள் ஆள் ஒருவர், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த வயதானவர், டொக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் அலைந்தவர், கேள்வி கேட்ட ஆய்வாளர் அம்மாவிடம் எல்லாம் திறமாக நடக்கிறது என்று சொன்னார். அந்த அம்மா போனபிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “வந்தவளிட்ட எங்கட டொக்டரைக் காட்டிக் குடுக்கிறதே, பிள்ளை?” அவள் கேட்டது அவருடைய நன்மைக்கு. அவர் நினைத்தது, டொக்டரைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று. கடைசியில் முடிவு வந்தது. எங்கள் நிலையம் திருந்த வேண்டுமாம். அந்தத் தாளை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்பது சட்டம். டொக்டர் தன் கையாலேயே ஒட்டினார். எனக்கு உடம்பு கூசியது. டொக்டரின் வாசலில் அவருடைய பட்டங்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவருடைய குறையைப் பார்த்ததில்லை.

போன வருடம் அண்ணா குளியலறையில் மயங்கி விழுந்து தலை உடைந்தது. மனைவி இறந்தபிறகு அவர் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையில், நாலாம் மாடி பிளாட்டில் தனியாக இருக்கிறார். மகள் கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனையில். நான் லீவு எடுத்துக்கொண்டு ஓடினேன். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஏன் விழுந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. வயசு என்றார்கள். வெக்கை என்றார்கள். யாரோ கண்வைத்த நாவூறு என்றும் ஒருத்தி சொன்னாள்.

அடுத்தநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் அண்ணா இரண்டு குளிசை எடுத்தார். ஒன்று பெட்டியிலிருந்து. மற்றது சின்னக் கடதாசிப் பையிலிருந்து. பெட்டி, மகள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய பெரிய ஆஸ்பத்திரி டொக்டர் எழுதி, பார்மசியில் வாங்கியது. அதில் லொசாட்டன் என்று பெயர் இருந்தது. கடதாசிப் பை எங்கள் குடும்ப டொக்டர் தந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. டிஸ்பென்சரியில் டொக்டர் பார்ப்பார், பக்கத்தில் இருக்கிற மிஸ் போத்தலிலிருந்து குளிசையை எண்ணிப் பையில் போடுவா, காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதித் தருவா. என்ன குளிசை என்று எழுதுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

இரண்டும் எதற்கு என்று கேட்டேன். இரண்டும் பிரஷருக்கு என்றார். ஒன்று அவர் தந்ததாம், ஒன்று இவர் தந்ததாம். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். ஆஸ்பத்திரிக்குப் போனது எங்கள் குடும்ப டொக்டருக்குத் தெரியுமா என்றேன்.

“சொல்லேல்ல. இவ்வளவு காலமாப் பாக்கிற மனுசன். வேற ஆளிட்டப் போனனான் எண்டா மனம் நோகாதே?”

“அப்ப இவரின்ர குளிசையை நிப்பாட்டியிருக்கலாமே?”

“அவர் தந்ததைக் குடிக்காம அவரின்ர முகத்தைப் பாக்கேலுமோ?”

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் சாகக் கிளம்ப மாட்டார்கள். மரியாதைக்காக இரண்டு பங்கு குளிசை. பெட்டியையும் பையையும் எடுத்துக்கொண்டு நான் தனியாக டிஸ்பென்சரிக்குப் போனேன்.

ஒன்றும் மாறவில்லை. ஆட்கள் இருக்க அதே மர வாங்கு, அதே திரைச்சீலை. கிருலப்பனையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா, மடியில் பிள்ளையோடு. ஒரு சிங்கள ஓட்டோக்காரர். எல்லோருக்கும் அந்த டொக்டரில் கடவுளுக்குச் சமனான நம்பிக்கை. மிஸ் பிரிட்ஜைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். இன்சுலின் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தயிர்ச் சட்டி. லண்டனில் இதற்கே கதவை இழுத்துப் பூட்டியிருப்பார்கள். இங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

டொக்டர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, எப்ப வந்தனீர் பபா என்றார். பபா என்பது என் வீட்டுப் பெயர். இப்போது அதைச் சொல்ல அண்ணாவும் அவரும்தான் மிச்சம். நான் சுகம் விசாரிக்கவில்லை. பையை மேசையில் வைத்து, இதற்குள் என்ன குளிசை என்று கேட்டேன். பிரஷருக்கு என்றார். பெயர் என்ன என்றேன்.

“லண்டனில இருந்து இன்ஸ்பெக்சனுக்கோ வந்தனீர்?”

மிஸ் சிரித்தா. திரைச்சீலைக்கு வெளியேயும் சிரித்தார்கள்.

“அண்ணா பாத்ரூமில விழுந்து கிடந்தவர், டொக்டர். தலையில தையல்.”

சிரிப்பு நின்றது. நான் பெட்டியை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். திருப்பி வாசித்தார்.

“இதைத்தான் நானும் குடுக்கிறன்,” என்றார். பிறகு, “என்னட்ட ஏன் சொல்லேல்ல?”

“உங்களுக்கு மனம் நோகும் எண்டு.”

அவர் பெட்டியை மேசையில் வைத்தார். “எனக்கு நோகுமெண்டோ அவன் விழுந்தவன்?” என்று மட்டும் கேட்டார். அதை என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் விடவில்லை. பையில் பெயர் இருந்திருந்தால் மகள் பார்த்திருப்பாள், மற்ற டொக்டர் பார்த்திருப்பார் என்றேன். பெயரை எழுதிக் கொடுத்தால் சனம் அதைக் காட்டிக் கடையில் வாங்கிக் குடித்துக்கொண்டு வருசக்கணக்காகத் தன் பக்கம் வராது, பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் ஒருவருக்கும் தெரியாது என்றார். பாதி உண்மை. மற்றப் பாதி வியாபாரம். இதையும் அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். மிஸ் நிலத்தைப் பார்த்தா. டொக்டர் பேனையை எடுத்து, அண்ணாவின் பையில் லொசாட்டன் என்று எழுதி, இது வேண்டாம், பெட்டியில் இருப்பதை மட்டும் குடிக்கச் சொல்லும் என்றார்.

அன்று பின்னேரம் கறண்ட் இல்லை. லிப்ட் வேலை செய்யவில்லை. கதவில் தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் டொக்டர் நிற்கிறார், சேட் முழுக்க வேர்வை. எழுபது தாண்டிய மனுசன் நாலு மாடி ஏறி வந்திருக்கிறார். அண்ணாவைப் படுக்க வைத்தும் எழுப்பி நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார். தையலைத் தடவிப் பார்த்தார். லண்டனில் என் புருசன் காய்ச்சலோடு கிடந்தபோது, நானே அந்த நிலையத்து மேசையில் இருந்தும் ஒரு டொக்டரை வீட்டுக்குக் கூப்பிட முடியவில்லை. போனில் கதைத்தார்கள். மிகவும் மரியாதையாகக் கதைத்தார்கள்.

அதைவிட எனக்கு அதிர்ச்சி பிறகு வந்தது. தலையில் கட்டோடு நின்ற அண்ணா கையைக் கூப்பினார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர். இவள் வாய் காட்டிப்போட்டாள்.” விழுந்தவர் மன்னிப்புக் கேட்கிறார். டொக்டர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நாலு மாடி ஏறியதுதான் அவருடைய மன்னிப்பு என்று அண்ணாவின் மகள் பிறகு சொன்னாள். எனக்கு அது போதாது. அன்புள்ள டொக்டர் தந்தாலும் இரண்டு பங்கு குளிசை இரண்டு பங்குதான்.

கதவைச் சாத்தியதும் அண்ணா சொன்னார்: “நீ பிளேன் ஏறிப் போயிடுவாய். நான் இவரிட்டத்தானே போகவேணும்.” அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் கடதாசிப் பையைத் தொடவில்லை. எழும்பும்போது வந்த தலைச்சுற்றும் நின்றது. இனி அவருக்கு என்மேல் எந்தக் கோபம் இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது போனில் கேட்டால், அண்ணா வேறு வருத்தங்களுக்கு வாங்குகிற பையில் ஒவ்வொரு முறையும் குளிசையின் பெயர் எழுதி வருகிறதாம். அடுத்த பிளாட் அம்மாவின் பையில் இல்லையாம். ஏன் என்று கேட்டேன். “அவ கேக்கேல்லையே,” என்றார் அண்ணா, வெகு சாதாரணமாக.

அந்த முறை நான் லண்டனுக்கு வெளிக்கிட்ட நாளில் எனக்குக் கடும் இருமல். சொல்லிவிட்டு வரலாம் என்று டிஸ்பென்சரிக்குப் போனேன். டொக்டர் சுவாசத்தைக் கேட்டார், தொண்டையைப் பார்த்தார், மிஸ் ஒரு பை தந்தா. சல்லி வாங்கவில்லை. லண்டனுக்கு வந்து சேர்ந்தபிறகுதான் பையை வடிவாகப் பார்த்தேன். பபா, காலை ஒன்று, இரவு ஒன்று. டொக்டரின் சொந்தக் கையெழுத்து. குளிசைக்குப் பெயர் இல்லை.

அந்தப் பையை வீட்டு மேசை லாச்சியில் போட்டுவைத்தேன். லண்டன் பார்மசி என் பெயரை அச்சடித்துத் தந்த இருமல் மருந்துப் பெட்டி ஒன்றும் அதே லாச்சியில் கிடக்கிறது. அதில் மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி எல்லாம் சரி. என் பெயரில்தான் இரண்டு எழுத்துப் பிழை. பழைய மருந்தைக் குப்பையில் போடாமல் பார்மசியில் திருப்பிக் கொடுங்கள் என்று எங்கள் நிலையத்துச் சுவரில் எழுதியிருக்கிறது. ஒருநாள் அந்தப் பையைக் கொண்டு போனேன். பார்மசிப் பெண் குளிசையைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன என்றாள். தெரியாது என்றேன். தெரியாமலா வாங்கினாய் என்று கேட்டாள். பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இருமல் வரும்போதெல்லாம் லாச்சியைத் திறக்கிறேன். பெட்டியையும் பையையும் பார்த்துவிட்டு, கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறேன்.