பாதாம் பிஸ்கட்டில் ஒரு குறை

சரக்கு இறக்குமதி ஏஜென்ட் அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கடல் கடந்து வரும் பாக்கெட் உணவு எதுவானாலும், துறைமுகத்தில் அதிகாரி பார்ப்பதற்கு முன் அதன் லேபிளை அவர்தான் பார்ப்பார். சேர்மானங்களை எடை வரிசைப்படி எழுதியிருக்கிறார்களா, பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய முதல் கேள்வி வந்து விழும்: "சரக்கு எப்ப தயாரிச்சது?" கெட்டுப்போகும் தேதிக்குப் பாதி ஆயுளாவது பாக்கி இருந்தால்தான் சரக்கு துறைமுகம் தாண்டும். ஆள் கறார்தான். ஆனால் இருக்கிற குறை அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார், யாரையும் இழுத்தடித்ததில்லை.

மனைவி போன பிறகு வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் விளக்கு எரிந்தது. மகள் கல்யாணமாகி வேறு தேசத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சுப்பா."

அத்தோடு சரி. அம்மா இருந்தவரை அம்மாவும் பெண்ணும் வாய் ஓயாமல் பேசுவார்கள். போனை எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. உணவுச் சட்டம் மொத்தத்தையும் கரைத்துக் குடித்த மனுஷனுக்கு, பெற்ற பெண்ணிடம் அடுத்த வார்த்தை வரவில்லை. "அப்ப வச்சிடவாப்பா?" என்பாள். வைத்துவிடுவாள்.

அப்படி இருந்தவள் ஒருநாள் வாரத்தின் நடுவிலேயே கூப்பிட்டாள். வீட்டில் அவள் போடும் பாதாம் பிஸ்கட்டுக்கு இங்கே ஒரு கடைக்காரர் ஆர்டர் கொடுத்திருந்தாராம். அவள் தொழிலுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர்.

"லேபிள் அனுப்பியிருக்கேன்பா. நீங்க ஓகே சொன்னா ஒட்டி அனுப்பிடுவேன். இங்க எல்லாம் ரெடி."

கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஐந்தாறு குறை இருந்தது. எல்லாவற்றையும் சொல்லத்தான் வாயெடுத்தார். ஒன்றே ஒன்று வெளியே வந்தது.

"எழுத்து சின்னதா இருக்கும்மா."

எவ்வளவு பெரிதாக வேண்டும், ஏன் வேண்டும் என்று அவள் கேட்க, அவர் சொல்ல, "உங்க கண்ணுக்கு எறும்பு கூட தப்பாதுன்னு அம்மா சொல்வாங்களே" என்று அவள் சிரிக்க, அடுப்பில் பால் பொங்கி வழிந்துபோனது. மறுநாள் திருத்திவிட்டுக் கூப்பிட்டாள். அவர் இரண்டாவது குறையைச் சொன்னார்.

இப்படியே சாயங்காலங்கள் ஓடின. அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தார். போனில் முகம் தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன! உண்மையான குறைகள் தீர்ந்த பிறகு கற்பனைக் குறைகள் ஆரம்பித்தன. "இந்தப் பச்சை கொஞ்சம் தூக்கலா இல்ல?" என்றார். பச்சையைப் பற்றி எந்தச் சட்டத்துக்கும் அக்கறை இல்லை. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளும் மணி அடித்ததே!

கடைசியில் குறை சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை. தயாரிப்பவர் என்று அவள் முகவரி, புகார்களுக்கு என்று கீழே அவர் முகவரி. "சரியா இருக்கும்மா" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரக்கு வந்து இறங்கியது. அதிகாரி டின்னைக் கையில் எடுத்தார். "லேபிள்னா இது லேபிள் சார்" என்று மெச்சினார். பிறகு டின்னைக் கவிழ்த்து அடியில் அச்சிட்டிருந்த தேதியைப் பார்த்தார்.

"பாதிக்கு மேல ஆயுள் போயிடுச்சே சார். விட முடியாது."

ஊரையே கேட்கும் அந்த முதல் கேள்வியை மகளிடம் மட்டும் அவர் கேட்கவே இல்லை. அப்பா ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்துவிடுவார் என்று நம்பி, அவள் முன்கூட்டியே எல்லாவற்றையும் சுட்டு அடுக்கி வைத்திருந்தாள். திருப்பி அனுப்பவும் வழியில்லை. விதிப்படி ஏஜென்ட் தரப்பில் ஒருவர் சாட்சியாக நிற்க, டின் டின்னாகக் கொட்டி நொறுக்கினார்கள். கொட்டகை முழுக்கப் பாதாம் வாசனை. சாட்சிக் கையெழுத்து அவருடையது.

வீட்டுக்கு வந்து, முதல்முறையாக அவராகவே மகளைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"எப்படிப்பா? கடைக்காரர் இனிமே திரும்பிப் பார்ப்பாரா? உங்களுக்குத் தெரியாத தேதியா?"

"எல்லாக் குறையும் மொத நாளே தெரியும்மா. நான்தான் ஒண்ணொண்ணா சொன்னேன். நீ கூப்பிடுவியேன்னு."

அவள் அழுகிறாளா, கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அதுக்கு சும்மாவே கூப்பிட்டிருக்கலாமேப்பா."

"கூப்பிட்டு என்னம்மா பேசறது?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, வேறு ஒன்றும் தோன்றாமல், வழக்கமான கேள்வியையே கேட்டாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சு" என்று நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா" என்றார். "ரொம்ப நாளா, நீ கேக்கறப்ப எல்லாம், சாப்பிட்டிருக்க மாட்டேன்."