மிளாவுக்குப் பயந்த வழிகாட்டி

அத்தான் அன்று புதுத் தொப்பி போட்டிருந்தார். தாடைக்குக் கீழே கயிறு தொங்கும் காக்கித் தொப்பி. என் அக்காவைக் கல்யாணம் செய்த பிறகு மூன்று தொழில்களைத் தொடங்கி மூடியவர், நான்காவதாகப் பிடித்தது ஒருநாள் சுற்றுலா. பாளையங்கோட்டையில் வேன் ஏற்றி, காலையில் முண்டந்துறைக் காட்டில் நடை, மத்தியானத்துக்கு மேல் காரையாறு அணையில் படகு. வழிகாட்டி அவரேதான். அதுவரை காட்டை அவர் வேன் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

முதல் பயணத்துக்கு ஆள் சேரவில்லை என்று அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டார். மற்றவர்கள் வங்கி ஊழியர்கள், குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் அத்தானின் வாய் ஓயவே இல்லை. சாணத்தைக் கண்டால் கரடி என்றார். மரத்தில் கீறல் இருந்தால் புலி என்றார். யானை எதிரே வந்தால் அசையாமல் நின்று அதன் கண்ணைப் பார்க்க வேண்டுமாம். "நான் இருக்கேன்லா, பயப்படாதிய" என்று திரும்பத் திரும்பச் சொன்னதில் குழந்தைகளுக்கே அலுத்துவிட்டது.

பாதை குறுகி ஓடையை ஒட்டி இறங்கும் இடம். அத்தானுக்கு முன்னால் அக்கா, பின்னால் நான். மேட்டுப் புதர் சலசலத்தது. அத்தான் யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை. அக்காவின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து ஒதுக்கித் தள்ளிவிட்டு, எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினார். அக்கா ஓடைப் பாறையில் போய் விழுந்தாள். புதரிலிருந்து ஒரு மிளா வந்தது. பெரிய மான்தான், எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அதன் வழியே போனது.

வங்கிக்காரர்கள்தான் அக்காவைத் தூக்கினார்கள். மணிக்கட்டு அதற்குள் வீங்கியிருந்தது. ஒருவருடைய மனைவி தன் துப்பட்டாவால் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து வளைவிலிருந்து அத்தானின் தலை எட்டிப் பார்த்தது. கட்டிய மனைவியைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "அது போயிட்டா?"

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். படகுக்குச் சொல்லியாகிவிட்டது, வீக்கம் தானாக வற்றிவிடும் என்றார்.

அணைத் தண்ணீர் மலைகளுக்கு நடுவே கரும்பச்சையாய்க் கிடந்தது. அதைப் பார்க்க விடாமல் அத்தான் படகோட்டியிடம் கதை அளந்தார். ஒற்றை யானை வந்ததாம். இவர் குறுக்கே நின்று எல்லோரையும் காப்பாற்றினாராம். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"யானை இல்லண்ணே, மிளா. இவிய என்னத் தள்ளிவிட்டுட்டுல்லா ஓடுனாவ."

படகோட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேனில் அத்தான் பல்லைக் கடித்தார். "நாலு பேருக்கு முன்னால எம் மானத்த வாங்கிட்டியே."

"கை முறிஞ்சிருக்கான்னு ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள் அக்கா. முறிந்துதான் இருந்தது. மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்.

காரையாற்றில் படகு நின்று வருடங்களாகிவிட்டன. அத்தான் நிற்கவில்லை; வேறு மலைகளுக்கு ஆள் கூட்டிப் போகிறார். போன வாரம் அவருடைய வீடியோ ஒன்று என் கைபேசிக்கு வந்தது. அதே யானைக் கதை. இந்தத் தடவை மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாராம். கீழே நாலு வார்த்தை எழுதப் போனேன். அக்கா கைபேசியை வாங்கி, கடைசிவரை முகம் மாறாமல் பார்த்தாள்.

"விடுட்டி," என்றாள். "எழுதுறதுன்னா ஒண்ணே ஒண்ணு எழுது. கூடப் போறவிய யாரும் அவியளுக்கு முன்னால நடக்க வேண்டாம்னு."